பூச்சரம் சுற்றிய மிஷின்

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை எனக்குப் பாதி பயம்தான். அது சட்டென்று நின்றால்தான் முழுப் பயம். அடுப்பில் எது கொதித்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் பின்சுவர் ஓரமாகப் போய் நிற்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறை. யாராவது பேசுவது காதில் விழவேண்டும். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினால் போதும், அல்லது "அந்தப் பலகைய இங்கிட்டுத் திருப்பு" என்று யாரையாவது ஏவினால் போதும், எனக்கு மூச்சு திரும்பி வந்துவிடும். எத்தனையோ நாள் குழம்பு அடிப்பிடித்திருக்கிறது. ஏன் என்று அவர் கேட்டதே இல்லை. தெரிந்துதான் இருந்திருக்கும்.

நான் திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டை டவுனுக்கு வாக்கப்பட்டு வந்தது உலகச் சண்டை முடிந்த சமயம். பட்டறைக்குப் பின்னால் முதலாளி ஒதுக்கிக் கொடுத்த ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அவர், நான், என் மாமனார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாமனாருக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. மரம் அறுக்கும் மில்லில் வட்ட ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அதற்குமுன் நிலைக்கதவில் பூ வேலை செய்வதற்கு அவரைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். நான் வந்தபோது அவர் பட்டறைக்கு இரவுக் காவல். சாவி அவர் இடுப்பில் தொங்கும். ஆனால் வாசலோடு சரி, உள்ளே கால் வைக்கமாட்டார். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை வைத்துவிட்டு நான் உள்ளே போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். இடது கையால் சோறு பிசைவதை ஒரு மனிதர் பார்த்துவிடக் கூடாது அவருக்கு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதற்கும் போகமாட்டார். போனால் பந்தியில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பார்களே. பெற்ற மகன் கல்யாணத்திலேயே பந்தி முடிகிறவரை வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு குனிந்திருக்கும் அந்த முதுகை ஒரு நாளைக்கு இரண்டு வேளை பார்த்தவள் நான். என் பயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடிப்போக வேண்டியதில்லை.

மிஷினை முதலாளி திருச்சியில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்து வந்தார். கையில் பிடித்து மரத்தைத் தேய்க்கிற மிஷின். அதுவரை மரத்தைத் தேய்ப்பது எங்களைப் போன்ற பெண்களின் வேலை. எங்கள் ஊர்ப்பக்கம் சொரசொரப்பான பிராய் இலையைப் போட்டுத் தேய்ப்போம், டவுனில் உப்புத்தாள். கட்டில் கால்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். வழவழவென்று ஆகும்வரை தேய்த்துக் கொடுப்போம். உள்ளங்கை காய்த்துப்போகும், அவ்வளவுதான், யாருக்கும் எதுவும் ஆகாது. இந்த மிஷினில் இரண்டு உருளை. அவற்றைச் சுற்றி உப்புத்தாள் பட்டை ஒன்று ஓடும். மேலே கைப்பிடி, கைப்பிடிக்கு அடியில் துப்பாக்கியில் இருப்பதுபோல ஒரு விசை. விசையை அமுக்கினால் பட்டை ஓடும், விட்டால் நிற்கும். முன்பக்கம் இன்னொரு கைக்கு ஒரு குமிழ். கனம் ஒரு கைக்குழந்தை அளவுக்கு.

அதை ஓட்டிக் காட்ட ஒரு பட்டாளத்து ஆளும் கூடவே வந்திருந்தான். பாவம், அவன் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னான். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஓடவிட்ட பிறகுதான் மரத்தில் வைக்க வேண்டும், பட்டை முழுசாக நிற்காமல் கீழே வைக்கக் கூடாது என்றான். முதலாளிக்கு எங்கே பொறுமை. "குடுப்பா இங்கிட்டு" என்று வாங்கிப் பலகைமேல் வைத்துவிட்டு ஒரு கையால் விசையை அமுக்கினார். மிஷின் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பலகைமேல் ஓடி, மறுமுனையில் இருந்த வார்னிஷ் டப்பாவைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தது. பட்டறையே சிரித்தது. கதவோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பினால் வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் வரவில்லை.

மற்ற ஆசாரிகள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். ஒருவருக்குத் தோள்வலி, ஒருவருக்குச் சனிப்பெயர்ச்சி. கடைசியில் அது என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. விழுந்தது என்று நான்தான் சொல்கிறேன். அவர் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டார். புது மாடு வாங்கியவர் மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் ஓட்டியதில் குறை சொல்ல முடியாது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்வார். கழுத்தில் துண்டு போடமாட்டார். ஒயர் பட்டையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதைத் தோளுக்கு மேலாகப் போட்டு முதுகுப் பக்கம் விட்டுக்கொள்வார். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்வார். அப்படியும் சாயங்காலம் துப்பினால் தேக்குத்தூள்தான் வரும். மரத்தை மரையாணி போட்டு இறுக்கிவிட்டு, ரேகை ஓடும் போக்கிலேயே மிஷினை ஓட்டுவார். அழுத்தவே மாட்டார். "அதோட கனமே போதும், நாம அமுக்குனா மரத்துல குழி விழுந்துரும்" என்பார். எனக்கு மரத்தில் குழி விழுவதைப் பற்றி என்ன கவலை.

அந்த விசைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தது. விசையை அமுக்கிப் பொத்தானைத் தள்ளிவிட்டால், விரலை எடுத்தாலும் மிஷின் நிற்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெரிய பலகைகளுக்கு விரல் வலிக்கிறது என்று அவர் அதைத் தள்ளிவிட ஆரம்பித்தார். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது.

"பொத்தான் தள்ளுனது நெனவில்லாம நீங்க பிளக்கச் சொருகிட்டா?"

"சொருக மாட்டேன்."

"கரண்டு போயிட்டுத் திடுதிப்புனு வந்தா?"

"ஏ புள்ள, நீ மிஷினுக்கு மேல சத்தம் போடுற" என்பார்.

அந்தப் பட்டறைச் சுவரில் தனியாகச் சுவிட்ச் கிடையாது. பிளக்கைச் சொருகினால் கரண்டு, பிடுங்கினால் இல்லை. ஆகையால் நான் ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் சோற்றுத் தூக்கோடு போகும்போதெல்லாம் முதலில் சுவரிடம் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தூக்கைக் கீழே வைப்பேன். எல்லோரும் கேலி செய்தார்கள். "தம்பி பொண்டாட்டி வந்துருச்சு, கரண்டு போயிருச்சு" என்பார்கள். கேலி என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் பழைய கதவு ஒன்றைத் தேய்க்கும்போது உள்ளே முறிந்து கிடந்த ஆணியில் பட்டை பட்டுத் தீப்பொறி பறந்து, தூள் சேருகிற துணிப்பை புகைந்தது. அவர் உடனே பையைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார். கன்னத்தில் மட்டும் ஒரு சின்னச் சூடு. அன்றைக்கு ராத்திரி அந்தக் கன்னத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசினது அவரை இல்லை, அந்தச் சனியனை.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு முதலாளி ஊரையே கூப்பிட்டிருந்தார். தேங்காய்க் கடைக்காரர், ஜவுளிக்காரர், தாலுகா கச்சேரியில் வேலை பார்க்கும் இரண்டு பேர், எல்லோருக்கும் சீமை மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் அவருக்கு. உளி, இழைப்புளி, வாச்சி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் பூசிப் பலகைமேல் அடுக்கியிருந்தார்கள். நடுவில் வாழை இலை போட்டு மிஷின். முதலாளி காலையிலேயே பிளக்கைச் சொருகிவிட்டார். ஆட்கள் வந்து சேருகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கேயோ கம்பி அறுந்து கரண்டு போயிற்று. வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை. ஓட்டிக் காட்ட முடியாத குறையைத் தீர்க்க, அலங்காரத்தையாவது ஜோராகச் செய்வோம் என்று முழம் முழமாகச் செவ்வந்திச் சரம் வாங்கிவரச் சொல்லித் தன் கையாலேயே மிஷினுக்குச் சுற்றினார். முன்குமிழில் ஆரம்பித்து, உருளைகளுக்கு மேலாக, வயிற்றுக்குக் கீழாகக் கொடுத்து, கைப்பிடியில் நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். வாழை நாரில் தொடுத்த சரம். ஈர நார் காயக் காய இன்னும் இறுகும்.

நான் பொரித் தட்டை வைக்கக் குனிந்தபோது பார்த்தேன். கைப்பிடியைச் சுற்றிய பூவுக்கு அடியில் விசை உள்ளே அமுங்கிக் கிடந்தது. தட்டை அப்படியே கீழே வைத்தேன். ஒயர் வழியே கண்ணை ஓட்டினேன். பிளக் சுவரிலேயே இருந்தது.

சூடம் காட்டி முடிந்து எல்லோரும் விபூதி வாங்கிக்கொண்டிருக்கும்போது மெல்லச் சுவர்ப் பக்கம் நகர்ந்தேன். கையை நீட்டுவதற்குள் முதலாளி பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இன்னைக்குமா? பூசையில வச்சத மறுபூசை ஆகாமத் தொடலாமா? அங்கிட்டுப் போம்மா."

வந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. நான் வெளியே வந்தேன். சற்று நேரத்தில் கதவைப் பூட்டிச் சாவியை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் விசையைப் பற்றிச் சொன்னேன். யோசித்தார். யோசித்துவிட்டு, "கரண்டுதான் இல்லையே. காலைல மறுபூசை முடிஞ்சதும் மொத வேலையா நானே பூவ அவுத்துர்றேன். சாமிக்கு வச்சத நடுவுல கலைக்கக் கூடாதுடி" என்றார். அவர் அவிழ்ப்பார் என்பதுதான் என் பயமே. அவருடைய கை உள்ளே இருக்கும்போது கரண்டு வந்தால்? இதை அவரிடம் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குச் சொல்ல இன்னும் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார், அவரிடம் நான் பேச முடியாது. அந்தக் காலத்தில் மாமனாரிடம் மருமகள் முகத்துக்கு நேரே பேசுகிற வழக்கம் இல்லை. சோறு ஆறுகிறது என்பதைக்கூட நான் கோழியிடம்தான் சொல்வேன். "ஏ கோழி, சோறு போட்டாச்சு, ஆறுது பாரு" என்றால் அவர் எழுந்து வருவார். மாமியார் இல்லாத வீட்டில் அந்தக் கோழிதான் எனக்கும் அவருக்கும் நடுவே. அன்று பொழுது சாயும் நேரத்தில் அவர் வாசலில் உட்கார்ந்து சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உரலைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் இடிப்பார். நான் கோழியைக் கூடைக்குள் விரட்டுகிற சாக்கில் ஆரம்பித்தேன்.

"ஏ கோழி, ஒனக்காச்சும் காது கேக்குதா? பூவச் சுத்துன சுத்துல விசைய அமுக்கிக் கட்டிட்டாங்க. பிளக்கு செவுத்துலயே கெடக்கு. கரண்டு இல்லைன்னு எல்லாரும் நிம்மதியா இருக்காங்க. காலைல பூவ அவுக்குறப்ப அது வந்தா, போறது எந்தக் கைன்னு ஒனக்குத் தெரியுமா?"

வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இடிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதானா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

விடிந்தும் கரண்டு வரவில்லை. விஜயதசமி மறுபூசைக்கு ஆசாரிகள் கூடினார்கள். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியதும் ஒவ்வொருவரும் அவரவர் கருவியை எடுத்து வேலை தொடங்கிவைக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஒருவர் உளியால் ஒரு செதுக்குச் செதுக்கினார். ஒருவர் இழைப்புளியை ஓர் இழுப்பு இழுத்தார். என் வீட்டுக்காரர் மிஷின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விசையைப் பற்றி நான் சொன்னது அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும், நேரே பூவில்தான் கை வைத்தார். நார் காய்ந்து இறுகிக்கிடந்தது. கைப்பிடியில் முடிச்சு அகப்படவில்லை. மிஷினை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது கை விரல்களைப் பட்டைக்கும் சரத்துக்கும் நடுவில் நுழைத்துத் தேடினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிளக் இருந்த சுவரை ஆட்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அரிவாளால் அறுத்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். சாமிப் பூவை அறுப்பதா என்று நாக்கு எழவில்லை.

அப்போது கூரையில் தொங்கிய பல்பு எரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அலறல் கேட்கப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் இன்னும் முடிச்சைத் தேடிக்கொண்டிருக்கிறார், மிஷின் சும்மா கிடக்கிறது. ஆட்கள் விலகியிருந்தார்கள், சுவரைப் பார்த்தேன். பிளக் கீழே தரையில் கிடந்தது. கறுப்புப் பிளக்கின் முதுகில் வெள்ளையாக ஒரு விரல் தடம், வெற்றிலைச் சுண்ணாம்பு.

முதலாளியும் அதே நேரத்தில் பார்த்துவிட்டார். கரண்டு வந்த சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "எவன்யா பூசைல வச்சதப் புடுங்குனது" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பிளக்கை எடுத்தார். அவர் சுவரை நோக்கி நடந்தார். என் வீட்டுக்காரர் விரல்கள் சரத்துக்குள்ளேயே இருந்தன.

"முதலாளி, சொருகாதீங்க."

மாமனார் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவசரப்படாமல் நடந்து வந்து, சுவரில் பிளக் சொருகுகிற இடத்தின் மேல் தன் மொட்டைக் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"நான்தான் புடுங்குனேன்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "தம்பி, கைய வெளிய எடு. எந்திரிச்சுத் தள்ளி நில்லு. எல்லாரும் அங்கிட்டுத் தள்ளிப் போங்கப்பா" என்றார்.

என் வீட்டுக்காரர் கையை உருவிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். மாமனார் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"இப்பச் சொருகுங்க."

முதலாளிக்கு ரோஷம். சொருகினார். சொருகின மாத்திரத்தில் மிஷின் உறுமிக்கொண்டு எழும்பியது. வாழை இலை கிழிந்து பறந்தது. சரம் முழுவதும் உருளைக்குள் இழுபட்டுச் செவ்வந்தி இதழ்கள் சுவரெங்கும் தெறித்தன. தேங்காய் மூடியைத் தட்டிவிட்டு, உளிகளைச் சிதறடித்துப் பலகையிலிருந்து விழுந்து, தரையில் ஒயரை இழுத்துக்கொண்டே ஓடியது. ஒயர் விறைத்துப் பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்ட பிறகுதான் நின்றது. நார் உருளையில் கம்பிபோல் இறுகிச் சுற்றியிருந்தது. அந்த நாருக்குள்தான் சற்று முன்பு அவருடைய விரல்கள் இருந்தன.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கொண்டவன் கையை நாலு பேர் முன்னால் தொடுகிற காலமா அது. யார் என்ன நினைத்தால் எனக்கென்ன.

அந்த வருஷத்திலிருந்து மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும்தான், பூ கிடையாது. பூசைக்கு முன்னால் முதலாளியே பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி வைத்துவிடுவார். என் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அந்த மிஷின் பழசாகிக் காயலான் கடைக்குப் போகிறவரை இருந்தது.

அன்று மத்தியானம் பட்டறை வாசலில் சாப்பாடு. விஜயதசமிக்கு முதலாளி போடுவது வழக்கம். ஆசாரிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பரிமாற நின்றேன். மாமனாருக்கு எடுத்து வைக்கத் தனியாகத் தட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். வந்து, வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கிட்டு ஒரு எலை போடு ஆத்தா" என்றார். கோழியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

இலை போட்டேன். சோறு வைத்தேன். அவர் இடது கையால் பிசைந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் வலது கையால் பிசைந்தார். அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நான் குழம்பு ஊற்றினேன்.